மைசூருக்கும் சென்னைக்கும் இடையே எவ்வளவு தூரம்?

மைசூர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சென்னையிலுள்ள உறவினர் வினவும்போது, நாம் கூறும் விடை பெரும்பாலும் கிலோமீட்டரில் அமைவதில்லை. "விமானத்தில் ஏறினால் ஒன்றே கால் மணி நேரம்" என்று கூறிவிடுகிறோம். கேட்போருக்கும் அது ஆறுதலாக இருக்கிறது. வயது முதிர்ந்த தாய் தந்தையரைச் சென்னையிலோ, காஞ்சியிலோ, கும்பகோணத்திலோ இருத்திவிட்டுப் பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலத்தில் குடியேறிய ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் இத்தகைய கணக்கு ஒன்று வழங்கி வருகிறது. தில்லியில் இருப்பவர் "இரண்டே முக்கால் மணி" என்பார். மும்பையில் இருப்பவர் "இரண்டு மணி" என்பார். ஊரை விட்டு வந்துவிட்டோமே என்ற மனக்குறையைக் குறைத்துக்கொள்ள இந்த மணிக் கணக்கு பெரிதும் உதவுகிறது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், இக்கணக்கு எதை அளக்கிறது? ஒரு நெருக்கடி நேரும்போது நாம் இதனை நம்பியே முடிவு செய்கிறோம். "எப்பொழுது வருவாய்?" என்று மறுமுனையில் ஒருவர் கேட்டுக் கண்ணீருடன் காத்திருக்கையில், நாம் கூறும் நேரம் பொய்த்துப் போகுமாயின் அது சிறு பிழையன்று. ஆகவே, மைசூரையும் சென்னையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, தூரம் என்பது யாது, விமானம் பறக்கும் நேரம் என்பது யாது என்று சற்று ஆராய்வோம். பிற ஊர்களில் வாழும் நேயர்கள் தத்தம் ஊருக்கு இதனைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் தூரத்தை நோக்குவோம். இரண்டு ஊர்களுக்கு இடையே ஒரே ஒரு தூரம்தான் உண்டு என்று நாம் எண்ணுகிறோம். மைசூரிலிருந்து சென்னைக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 480 கிலோமீட்டர். இருப்புப்பாதை வழியாக ஏறக்குறைய 500 கிலோமீட்டர். வான்வழியாக நேர்கோட்டில் சென்றால் 390 கிலோமீட்டர் அளவே ஆகும். இம்மூன்றும் உண்மையே. சாலை, ஊர்களைத் தேடிச் செல்வது. இருப்புப்பாதை, மேடு பள்ளங்களுக்கு அஞ்சி வளைந்து செல்வது. வான்வழி ஒன்றே எதனையும் பொருட்படுத்தாதது.

இந்த வான்வழித் தூரத்தைக் கண்டறியப் பெருங்கணிதம் ஒன்றும் வேண்டுவதில்லை. பள்ளிக்கூட நிலப்படம் ஒன்று இருந்தால் போதும். வடக்குத் தெற்காக ஒரு பாகை அட்சம் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக ஒரு பாகை தீர்க்கம், நம்முடைய 12, 13 பாகை அட்சத்தில், 108 கிலோமீட்டரை ஒட்டி அமையும். மைசூர் விமான நிலையத்திற்கும் சென்னை விமான நிலையத்திற்கும் தீர்க்க வேறுபாடு மூன்றரைப் பாகை. அட்ச வேறுபாடு முக்கால் பாகை. இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு கர்ணத்தைக் கண்டால் 390 கிடைத்துவிடும். உலகம் உருண்டையாயிற்றே, இக்கணக்கு ஒத்து வருமா என்று சிலர் கேட்கக்கூடும். நிலத்தைக் குடைந்து மைசூரிலிருந்து சென்னைக்கு நேரான சுரங்கம் ஒன்று அமைத்தால் அதன் நடுப்பகுதி மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் செல்லும். அவ்வளவு பாடுபட்டும் மிச்சமாகும் தூரம் அறுபது மீட்டர்தான்! இத்தனை சிறு தொலைவில் உலகின் வளைவு நம்மைப் பெரிதும் வருத்துவதில்லை.

தீர்க்க வேறுபாட்டுக்கு மற்றொரு பொருளும் உண்டு. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், சென்னையில் நண்பகல் ஆகிப் பதினான்கு நிமிடம் கழித்தே மைசூரில் சூரியன் உச்சிக்கு வருகிறது. நாடு முழுவதற்கும் ஒரே மணி என்ற ஏற்பாடு 1906-ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் வந்தது. அதற்கு முன்னர், நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடத்தின் கடிகாரம் காட்டிய 'சென்னை நேரம்' இந்திய இரயில்வேக்களின் பொது நேரமாக வழங்கியது. 1792-இல் கட்டப்பெற்ற அக்கூடத்தின் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. அதில் பிற மொழிகளோடு தமிழிலும் செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. ஊர்களின் இடைத்தூரத்தை அளந்த கதையும் அக்கூடத்தோடு தொடர்புடையதே.

இன்று நாம் கைத்தொலைபேசியில் ஒரு நொடியில் அறிந்துகொள்ளும் இத்தூரத்தை, இருநூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் எவரும் அறியார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் மாண்டார். அப்போரில் ஆங்கிலப் படையில் இருந்த வில்லியம் லாம்டன் என்னும் அதிகாரி வானநூலிலும் கணிதத்திலும் ஆழ்ந்தவர். இருளில் படை திசை தவறிப் பகைவர் பக்கமாகச் செல்வதை விண்மீன்களின் நிலை கொண்டு கண்டு எச்சரித்தவர் என்று அவரைப்பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. போர் முடிந்ததும், கீழ்க்கடற்கரையிலிருந்து மேல்கடற்கரை வரை நாட்டைக் குறுக்கே அளந்துவிட வேண்டும் என்ற திட்டத்தை அவர் அரசினர்முன் வைத்தார். சென்னைக்கும் மைசூர் நாட்டுக்கும் உள்ள தூரம் துல்லியமாக வரையறுக்கப்பட்டது அத்திட்டத்தின் பயனே.

1802 ஏப்ரலில் பரங்கிமலையின் அடிவாரத்தில் வேலை தொடங்கியது. அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் பக்கமாக ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டை, நூறு அடி நீள எஃகுச் சங்கிலி கொண்டு அளந்தனர். அச்சங்கிலியின் வரலாறே சுவையானது. சீனப் பேரரசருக்குப் பரிசாகச் சென்று, அவரால் ஏற்கப்படாமல் திரும்பி, கல்கத்தாவில் விலைக்கு வந்த பொருள் அது. சென்னை வெயிலில் எஃகு நீளும் அல்லவா? அதற்காகச் சங்கிலியைப் பெட்டிகளில் வைத்து மூடி, வெப்பமானி கொண்டு சூட்டைக் குறித்துக் கணக்கில் திருத்தம் செய்தனர். ஒரு கோட்டை இவ்வாறு அளந்துவிட்டால், பின்னர்ச் சங்கிலிக்கு வேலை அதிகம் இல்லை. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால், அக்குன்றின் தூரம் கணக்கிலேயே வந்துவிடும். அந்தக் குன்றிலிருந்து அடுத்த குன்று; அதிலிருந்து மற்றொன்று. இவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு மேற்கே சென்றனர்.

கோணங்களை அளந்த கருவியின் எடை அரை டன். இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் அதனைப் பிரெஞ்சுக் கப்பல் கைப்பற்றி மொரீஷியசுக்குக் கொண்டு சென்றது. அது அறிவியல் கருவி என்று அறிந்ததும் பெருந்தன்மையோடு திருப்பி அனுப்பிவிட்டனர். அதே கருவி 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஓர் ஆபத்துக்கு உள்ளாயிற்று. காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லாமையால் கோபுரங்களின்மேல் ஏற்றிக் கோணம் பார்த்தனர். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் பல வாரங்கள் உள்ளிருந்து தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார்.

பெங்களூருக்கு அருகே 1804-இல் மற்றொரு கோட்டைச் சங்கிலியால் அளந்து பார்த்தபோது, சென்னையிலிருந்து முக்கோணங்கள் வாயிலாக வந்த கணக்குக்கும் அளவுக்கும் வேறுபாடு சில அங்குலங்களே இருந்தது. பின்னர் மங்களூரை எட்டியதும், வியப்பான ஒரு செய்தி வெளிப்பட்டது. அதுவரை நிலப்படங்களில் சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று காட்டியிருந்தனர். உண்மையில் அது 360 மைல்தான். நாற்பது மைல் அகலமுள்ள நிலம், அதாவது அறுபத்துநான்கு கிலோமீட்டர், படத்தில் மட்டுமே இருந்து மறைந்து போயிற்று! வரி கணக்கிட்டுக்கொண்டிருந்த அதிகாரிகள் இதனை மகிழ்ச்சியோடு ஏற்றிருக்கமாட்டார்கள் என்று நாம் ஊகிக்கலாம். இன்று மைசூர் விமானம் சென்னையில் இறங்கும் மீனம்பாக்கம், லாம்டன் முதற்கோட்டைத் தொடங்கிய அதே பரங்கிமலைக்கு அண்மையில்தான் இருக்கிறது.

இனி, விமானம் பறக்கும் நேரத்துக்கு வருவோம். மைசூருக்கு வழக்கமாக வந்து செல்வது ஏடிஆர்-72 என்னும் சுழல்விசிறி விமானம். எழுபதுக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றிக்கொண்டு, மேலே நிலைபெற்ற பிறகு மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் செல்வது. 390 கிலோமீட்டரை இவ்வேகத்தில் கடக்க 47 நிமிடம் போதும். ஆனால் கால அட்டவணையில் ஒன்றே கால் மணி முதல் ஒன்றரை மணி வரை காட்டப்படுகிறது. எஞ்சிய அரை மணிக்கு மேற்பட்ட நேரம் எங்கே போயிற்று?

அட்டவணை குறிப்பது பறக்கும் நேரத்தை அன்று. நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுப்பதிலிருந்து, சென்றடைந்த இடத்தில் மீண்டும் கட்டை வைப்பது வரை உள்ள நேரம் அது. அதனுள் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, முறை வரும்வரை நிற்பது, மேலெழுவது, இறங்குவது, மீண்டும் ஊர்வது ஆகிய அனைத்தும் அடங்கும். மேலெழும்போதும் இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் செல்வதில்லை. அன்றியும், சென்னை போன்ற பெருநிலையத்தில் பல திசைகளிலிருந்து வரும் விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்க வேண்டியிருப்பதால், சிறிய விமானத்தைச் சுற்றி வரச் சொல்வதும் உண்டு. சில நாட்களில் கடலின்மேல் திரும்பி வந்து இறங்குகிறது. பயணிகள் அதனை வேடிக்கை பார்க்கலாம். ஆனால் கடிகாரம் நிற்பதில்லை.

காற்றும் தன் பங்கைக் கேட்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று பின்னிருந்து வீசினால் 47 நிமிடம் 43 ஆகும்; அதே காற்று எதிரே வீசினால் 51 ஆகும். இவ்வளவு குறுகிய தூரத்தில் காற்றால் விளையும் வேறுபாடு எட்டு நிமிடமே. தூரம் கூடக் கூட இது பெருகும். குளிர்காலத்தில் வட இந்தியாவின்மேல் மேற்கிலிருந்து வீசும் உயர்காற்று, கிழக்கே செல்வோர்க்கும் மேற்கே வருவோர்க்கும் இடையே பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். தூரத்தை மட்டும் கொண்டு பறக்கும் நேரத்தை முடிவு செய்ய இயலாது என்பதற்கு இவையே காரணம். தூரம் பாதியானால் நேரமும் பாதியாகும் என்று எண்ணுவதும் தவறு. எத்தனை குறுகிய பயணமாயினும் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஊர்வதற்கும் ஆகும் நேரம் குறையாது. சென்னையிலிருந்து பெங்களூருக்கு வான்வழி 270 கிலோமீட்டர்தான்; அதற்கும் அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டியிருக்கிறது.

இனி வீட்டு வாயிலிலிருந்து வீட்டு வாயில் வரை கணக்கிட்டுப் பார்ப்போம். மைசூரில் ஒண்டிக்கொப்பலில் ஒருவர் வசிக்கிறார். மயிலாப்பூரில் அவருடைய தாயார் இருக்கிறார் என்று கொள்வோம். மண்டகள்ளி விமான நிலையம் நஞ்சன்கூடு செல்லும் சாலையில், நகருக்குத் தெற்கே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டரில் இருக்கிறது. அரை மணியில் போய்விடலாம். புறப்படும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாகவேனும் அங்கே இருப்பது நலம். பிறகு அட்டவணைப்படி ஒன்றரை மணி. இறங்கியபின் பெட்டியைப் பெற்று வெளிவர அரை மணி. மயிலாப்பூரை அடைய, நெரிசலைப் பொறுத்து, முக்கால் மணி முதல் ஒரு மணி. மொத்தம் ஐந்து மணி நேரம் ஆகிவிடுகிறது. நாம் எல்லோரிடமும் கூறிவந்த ஒன்றே கால் மணியின் நான்கு மடங்கு!

இரயிலோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். மைசூருக்கு இருப்புப்பாதை வந்தது 1882-இல். அது குறுகிய மீட்டர்பாதை. சென்னையிலிருந்து 1864-இலேயே பெங்களூரை எட்டிய அகலப்பாதையோடு அது இணையவில்லை. ஆகவே, நூறு ஆண்டுகளுக்கு மேலாக, மைசூர்ப் பயணி பெங்களூரில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் வண்டி மாற வேண்டியிருந்தது. 1990-களில் பாதை அகலமாக்கப்பட்ட பின்னரே ஒரே வண்டியில் செல்லும் வாய்ப்பு ஏற்பட்டது. இரட்டைப்பாதை அமைக்கும் வேலையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு தடை குறுக்கிட்டது; திப்புவின் வெடிமருந்துக் கிடங்கு பாதையில் நின்றது. அதனை இடிக்காமல், 2017-இல் கட்டடத்தை அப்படியே தூக்கி நூறு மீட்டருக்கு அப்பால் நகர்த்தி வைத்தனர். பழமையைப் போற்றிக்கொண்டே பயணத்தை விரைவாக்கிய இச்செயலை நாம் பாராட்டாதிருக்க முடியாது. 2022 நவம்பர் 11 அன்று சென்னை–மைசூர் வந்தே பாரத் வண்டி தொடங்கி வைக்கப்பட்டது. ஏறக்குறைய ஆறரை மணி நேரத்தில் சென்றடைகிறது. மேற்கூறிய ஒண்டிக்கொப்பல் அன்பர் இதில் சென்றால், நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, சென்ட்ரலிலிருந்து மயிலாப்பூர் செல்வது அனைத்தும் சேர்த்து ஏழரை, எட்டு மணி நேரம் ஆகும். விமானத்தால் கிடைக்கும் ஆதாயம் மூன்று மணி நேரத்துக்கு உட்பட்டதே. அதுவும், நாம் விரும்பும் வேளையில் விமானம் இருந்தால்தான்.

'இருந்தால்' என்ற இச்சொல்லில்தான் மைசூரின் இடர் முழுவதும் அடங்கியிருக்கிறது. மண்டகள்ளியில் விமானத்தளம் மன்னராட்சிக் காலத்திலேயே, 1940-களில் இருந்தது. எனினும், முறையான நிலையமாகப் புதுப்பிக்கப்பட்டது 2010 மே மாதத்தில்தான். அவ்வாண்டு அக்டோபரில் கிங்ஃபிஷர் நிறுவனம் பெங்களூருக்கு விமானம் விட்டது. அடுத்த ஆண்டின் இறுதியில் நிறுத்திவிட்டது. 2013-இல் ஸ்பைஸ்ஜெட் சென்னையோடு இணைத்தது. 2014-இல் அதுவும் நின்றது. உடான் என்னும் மத்திய அரசின் திட்டத்தின்கீழ் 2017 செப்டம்பரில் ட்ரூஜெட் நிறுவனம் சென்னைக்கு மீண்டும் தொடங்கியது. அந்நிறுவனமும் பின்னர்ப் பறப்பதை விட்டது. அதன்பின் வேறு நிறுவனங்கள் வந்தன. பெங்களூருக்குச் சாலையில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்றிருக்க, அவ்வூருக்கு விமானத்தில் செல்பவர் எத்தனை பேர்? 2023 மார்ச்சில் புதிய விரைவுச்சாலை திறக்கப்பட்டபின் அப்பயணம் இன்னும் குறுகிவிட்டது. சென்னைப் பயணியோ உண்மையான தேவை உடையவர். ஆயினும் எழுபது இருக்கைகளும் நாள்தோறும் நிரம்பினாலன்றி நிறுவனத்துக்குக் கட்டுபடியாகாது.

உடான் திட்டத்தின் அடிப்படைக் கணக்கும் நம் பொருளோடு ஒட்டியதே. ஒரு மணி நேரப் பயணம், அதாவது ஏறக்குறைய 500 கிலோமீட்டர், 2,500 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டும் என்று தொடக்கத்தில் வரையறுத்தனர். குறிப்பிட்ட அளவு இருக்கைகளுக்கு இவ்வரம்பு. நட்டத்தை அரசு ஈடு செய்யும். ஆனால் அந்த ஈடு மூன்றாண்டுகளுக்கு மட்டுமே. பிறகு வழித்தடம் தன் காலில் நிற்க வேண்டும். நின்றவை சில, நில்லாதவை பல.

ஓடுபாதையின் நீளமும் ஒரு தடை. மைசூரில் அது 1,740 மீட்டர். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர். மைசூர் கடல்மட்டத்திற்குமேல் 700 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ளமையால் காற்றின் அடர்த்தி சற்றுக் குறைவு. அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கைக்குத் தூக்குவிசை குறைவாகவே கிடைக்கும். ஆகவே விமானம் எழும்ப நெடுந்தூரம் ஓட வேண்டும். நூற்றெண்பது பேரை முழுச்சுமையோடு ஏற்றும் ஜெட் விமானம் நாள்தோறும் வந்துபோக இப்பாதை போதாது. நீட்டலாம் என்றால், ஒரு பக்கத்தில் நஞ்சன்கூடு நெடுஞ்சாலையும் சாமராஜநகர் இருப்புப்பாதையும் குறுக்கே செல்கின்றன. ஓடுபாதையை அவற்றின்மேல் அமைத்து, சாலையையும் இரயிலையும் அடியில் செலுத்துவது என்ற திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது.

சென்னைக்கே இவ்வாறாயின், மைசூர்த் தமிழரில் பெரும்பகுதியினர் சென்னையைச் சார்ந்தவர் அல்லர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கோவையும், ஈரோடும், நீலகிரியும்தான் நமக்கு அண்டை. அங்கே தூரம் வேறு வகையில் நம்மை ஏமாற்றுகிறது. மைசூருக்கும் கோவைக்கும் வான்வழித் தூரம் 150 கிலோமீட்டருக்கும் குறைவு. சென்னைக்குள்ள தூரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் நேரான இரயில் இல்லை. மைசூரிலிருந்து தெற்கே செல்லும் பாதை சாமராஜநகரோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து சத்தியமங்கலம் வழியாகக் கீழே இறங்கும் பாதை நெடுங்காலமாகக் கோரப்பட்டும், இடையே அடர்காடு உள்ளமையால் நிறைவேறவில்லை. இரயிலில் போவதாயின் வடகிழக்கே பெங்களூருக்குச் சென்று, ஓசூர், தருமபுரி, சேலம் என்று சுற்றி வர வேண்டும். வான்வழித் தூரத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

சாலை இருக்கிறது என்றால், அது எந்நேரமும் திறந்திருப்பதில்லை. பந்திப்பூர்க் காட்டின் ஊடே கூடலூர், உதகை செல்லும் சாலையில், வனவிலங்குகளின் நலன் கருதி 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொது வாகனப் போக்குவரத்துக்குத் தடை இருந்து வருகிறது. திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு வந்துவிட்டது. யானைக்கும் மானுக்கும் இரவு உரியது என்பதை நாம் மறுக்கவில்லை. சக்கரத்தின்கீழ் அவை மடிந்த நாட்களை அறிந்தவர் எவரும் மறுக்கமாட்டார். ஆனால், உதகையில் உள்ள தந்தைக்கு இரவு எட்டரை மணிக்கு உடல்நலம் கெட்டது என்று செய்தி வந்தால், பகலில் நான்கு மணி நேரத் தொலைவிலுள்ள ஊர், அந்த நொடியில் பதின்மூன்று மணி நேரத் தொலைவுக்குச் சென்றுவிடுகிறது.

செய்தி மட்டும் தடையின்றி வருகிறது. 1935-இல் மைசூரில் தம் இல்லத்திலேயே ஒலிபரப்பைத் தொடங்கிய பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமியை இங்கே நினைத்துக்கொள்கிறோம்; 'ஆகாசவாணி' என்ற பெயர் அந்நிலையத்துக்கு வழங்கியதே. ஒலிபரப்பின் அலை மைசூரிலிருந்து சென்னைக்குச் செல்ல, ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட ஆவதில்லை. குரல் உடனே வந்துவிடுகிறது. உடல் போய்ச் சேர வேண்டும்.

அவ்வாறு போய்ச் சேர வேண்டிய இரவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்குச் சென்னையிலிருந்து செய்தி வருகிறது. மண்டகள்ளியில் மறுநாள்வரை விமானம் இல்லை. சென்னை செல்லும் இரவு வண்டி போய்விட்டது. பெங்களூர் விமான நிலையத்துக்குக் காரில் செல்வோம் என்று சிலர் உடனே கிளம்புவர். அது நகருக்கு வடக்கே, தேவனஹள்ளியில் உள்ளது. மைசூரிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர். பத்தரைக்குக் கிளம்பினால் இரண்டு, இரண்டரை மணிக்குச் சேரலாம். விடியற்காலை விமானத்துக்குக் காத்திருந்து ஏறி, சென்னையில் வீடு சேர்கையில் மணி எட்டாகிவிடும். அதே காரில் நேரே சென்னைக்குச் சென்றிருந்தால், வழியில் ஓட்டுநர் ஓய்வுக்கு ஒரு மணி நேரம் விட்டாலும், ஏழரை மணி அளவில் சேர்ந்திருக்கலாம். மாறாக, காலை ஐந்து மணிக்குச் செய்தி வருமாயின், ஆறு மணி அளவில் மைசூரிலிருந்து புறப்படும் வந்தே பாரத் வண்டியே மேலானது. 2024-இல் தொடங்கிய இரண்டாவது வண்டி அது. நண்பகலுக்குச் சற்றுமுன் வந்தாலோ, பிற்பகல் ஒரு மணியை ஒட்டிப் புறப்படும் முதல் வண்டி இருக்கிறது. அது வாரத்தில் ஒரு நாள் ஓடுவதில்லை என்பதை மறக்கலாகாது.

விமான அட்டவணை மார்ச் இறுதி ஞாயிறன்றும் அக்டோபர் இறுதி ஞாயிறன்றும், ஆண்டுக்கு இருமுறை மாறுகிறது. நம் நண்பர் ஒருவர் அவ்விரு நாட்களுக்கும் அடுத்த வாரத்தில், புதிய நேரங்களையும், இரவு வண்டி புறப்படும் நேரத்தையும், காட்டுச்சாவடி அடைக்கும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் தொலைபேசி வைக்கும் இடத்துக்கு மேலே ஒட்டி வைக்கிறார். அவருடைய தாயாருக்கு வயது எண்பத்திரண்டு, திருவல்லிக்கேணியில் இருக்கிறார். "மைசூர் எவ்வளவு தூரம்?" என்று அந்த அம்மையார் கேட்டால், "இப்பொழுது மணி என்ன அம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் விடை கூறுகிறார்.